செவலை ஜோடிக்குக் கறுப்புக் குட்டியா? தாய் மேல் சந்தேகம் வேண்டாம்!

தாயும் செவலை, தகப்பனும் செவலை. போட்ட ஆறு குட்டிகளில் இரண்டு மட்டும் கறுப்பு. கண்ணுக்கு மேலே பழுப்புப் பொட்டு வேறு. ‘தெருநாய் கலந்துடுச்சு’ என்று அந்த இரண்டையும் ஒதுக்கிவிடலாமா?

கூடாது. அவை கலப்பாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கோவில்பட்டியை ஒட்டிய கரிசல் பூமியின் வேட்டை நாய்கள், சிப்பிப்பாறையும் கன்னியும். ஒல்லி உடம்பு, நீண்ட கால், கூர்மையான முகம் என இரண்டுக்கும் ஒரே சாயல். கறுப்பு உடம்பில் பழுப்புப் பொட்டு இருந்தால் கன்னி. செவலை போன்ற நிறங்கள் என்றால் சிப்பிப்பாறை. சிப்பிப்பாறை 2020-ல் தேசிய அளவில் தனி இனமாகப் பதிவு செய்யப்பட்டது.

கணக்கு இதுதான்

ஒவ்வொரு குட்டிக்கும் நிற மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று கிடைக்கும். செவலை மரபணு ஒன்று இருந்தாலே குட்டி செவலைதான். கன்னி நிறம் வெளியே தெரிய, இரண்டுமே கன்னி மரபணுவாக இருக்க வேண்டும். பட்டாணிச் செடியை வைத்து மெண்டல் 1866-ல் வெளியிட்ட அதே விதி.

* இரண்டு செவலைகளிலும் கன்னி மரபணு ஒளிந்திருந்தால், ஒவ்வொரு குட்டியும் கன்னி நிறத்தில் பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு.
* அப்படிப்பட்ட செவலையைக் கன்னியோடு சேர்த்தால், பாதிக்குப் பாதி.
* கன்னியோடு கன்னி சேர்ந்தால், குட்டிகள் பொதுவாகக் கன்னிதான். இங்கே செவலை பிறந்தால்தான் யோசிக்க வேண்டும்.

‘போன தடவை ஆறும் செவலைதானே?’ என்று கேட்கலாம். நாலில் ஒன்று என்பது வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை. ஆறு குட்டிகளில் ஒன்றுகூடக் கறுப்பாக இல்லாமல் போக சுமார் 18 சதவிகித வாய்ப்பு உண்டு.

நிறத்துக்காக இழப்பது என்ன?

நிறம் மாறக்கூடாது என்று ஒரே வயிற்றுப் பிள்ளைகளை இணை சேர்த்தால், ஒளிந்திருக்கும் குறைபாடுகளும் இதே கணக்கில் ஒன்றுசேர்ந்து வெளிப்படலாம். நல்ல காலும் ஓட்டமும் உள்ள குட்டியை நிறத்துக்காகக் கழித்தால், நம் நாட்டு நாயின் வம்சம்தான் சுருங்கும்.

அடுத்த முறை பொட்டு வைத்த குட்டி பிறந்தால் தாயைத் திட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஒளிந்திருந்த கன்னி வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.