ஆயாவுக்கு கிஃப்ட்டா? ஆஃபரை அப்புறம் பாருங்க

செஞ்சிப் பக்கம் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். அந்த மரபை விடாத ஓர் ஆயாவுக்கு, கேஷ்பேக் வருதேன்னு தேன் பாட்டில் வச்ச கிஃப்ட் பாக்ஸ் அனுப்பினா? தேன் எடுத்தா உயிர் சாகும்னு அவங்க அதைச் சாப்பிட மாட்டாங்க. லெதர் பையும் அப்படித்தான். பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டு முடிக்கிறவங்களுக்கு, பெரிய எண் போட்ட சுவர்க்கடிகாரம் தினமும் உதவும்.

பொருளை முடிவு பண்ணியாச்சா? இப்போ கணக்கு. 1,200 ரூபாய்க்கு 10% கேஷ்பேக், ஆனா அதிகபட்சம் 75 ரூபாய்னு போட்டிருந்தா, கிடைப்பது 120 இல்ல, 75தான். 1,500க்கு வாங்கினாதான் ஆஃபர்னா, வேண்டாத பொருளுக்கு 300 ரூபாய் போகும் (நம்ம எல்லாரும் விழுற இடம்). பல ஆஃபர்ல ரிட்டர்ன் நாள் முடிஞ்ச பிறகுதான் பணம் வரும். பொருளைத் திருப்பினா அதுவும் கிடையாது.

வர்ற 75ல செல் வாங்கிடுங்க. பல கடிகாரத்தோட அது வராது.