இதயத்தின் நடையில் ஒரு டிரம்ஸ்: மில்ஃபோர்ட் கிரேவ்ஸ்

ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவருக்கு முதல் வேலை காலப்பிரமாணம் பிசகாமல் பார்த்துக்கொள்வது. வலது கைக் குச்சி பெரிய சிம்பலில் ஒரே சீராக ஓடும். இடது பாதத்தின் கீழ் ஹை-ஹாட் தட்டுகள் இரண்டாம், நான்காம் எண்ணிக்கையில் மூடும். அந்த உறுதியை நம்பித்தான் சாக்ஸபோனும் பியானோவும் கற்பனையில் இறங்கும். 1960களின் நடுவில் நியூயார்க்கில் சில டிரம்ஸ் கலைஞர்கள் இந்தப் பொறுப்பையே கீழே இறக்கி வைத்தார்கள். தாள வட்டம் இல்லை, எண்ணிக்கை இல்லை. மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டு அந்தக் கணமே பதில் சொல்வதுதான் வாசிப்பு. 'ஃப்ரீ ஜாஸ்' எனப்பட்ட இந்த இசையில் சன்னி மரே, ரஷீத் அலி, ஆண்ட்ரூ சிரில் எனப் பெரிய பெயர்கள் உண்டு. ஆனால் 'சீரான தாளம் உடம்புக்கு இயல்பானதா?' என்ற கேள்வியை வாழ்நாள் முழுக்க விடாமல் துரத்தியவர் மில்ஃபோர்ட் கிரேவ்ஸ்.

அவர் பிறந்தது 1941 ஆகஸ்ட் 20-ல், நியூயார்க் நகரின் குயின்ஸில், ஜமைக்கா என்னும் பகுதியில். சிறு பிள்ளையாக இருந்தபோதே டிரம்ஸும், வெறுங்கையால் அடிக்கும் காங்கா மேளமும் பழகினார். இளைஞரானதும் லத்தீன் நடனக் குழுக்களில் டிம்பாலிஸ் மேளம் வாசித்தார். அவர் நடத்திய லத்தீன் குழுவில், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சிக் கொரியா பியானோ வாசித்திருக்கிறார். நடன மேடையில் பழகிய கை என்பது முக்கியம். ஆடுபவரின் கால் எங்கே விழும் என்று பார்த்து அடித்த கை அது. கடிகாரத்தைப் பார்த்து அடித்ததல்ல. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் குழுவில் எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ் வாசித்ததைக் கேட்டபின் கிரேவ்ஸ் முழு டிரம்ஸ் செட்டுக்கு வந்தார்.

1964-ல் எல்லாம் வேகமாக நடந்தது. டிராம்போன் கலைஞர் ராஸ்வெல் ரட், சாக்ஸபோன் கலைஞர் ஜான் சிக்காய் ஆகியோருடன் 'நியூயார்க் ஆர்ட் குவார்டெட்' குழுவில் சேர்ந்தார். அந்த நவம்பரில் பதிவான அவர்களின் முதல் இசைத்தட்டில், கவிஞர் அமிரி பராகா தம் கவிதையை வாசிக்க, கிரேவ்ஸின் மேளம் அவர் குரலுக்குப் பக்கவாத்தியமாக ஒதுங்கி நிற்காமல் எதிர்க்குரலாகவே பேசுகிறது.

அந்த ஒலி எப்படிக் கிடைத்தது என்பதற்கு அவருடைய செட்டைத்தான் பார்க்க வேண்டும். ஸ்னேர் மேளத்தின் அடித்தோலை ஒட்டிச் சுருள் கம்பிகள் இருக்கும். அடிக்கும்போது எழும் 'சர்ர்' ஓசை அவற்றால் வருவது. கிரேவ்ஸ் அந்தக் கம்பிகளை எடுத்துவிட்டார். மேளங்களின் அடித்தோலையும் கழற்றினார். மிஞ்சியது ஒற்றைத் தோல்: காங்கா போலத் திறந்து ஒலிக்கும், சுருதி ஏறி இறங்கும் தோல். 1965-ல் அவர் வசந்த சிங் என்பவரிடம் தபலா கற்றதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். தபலாவும் ஒற்றைத் தோல் வாத்தியம்தான்; அதன் இடப்பக்க மேளத்தில் உள்ளங்கை அழுந்தும்போதே சுருதி வளைகிறது.

1966-ல் பியானோ கலைஞர் டான் புல்லனுடன் யேல் பல்கலைக்கழகத்தில் வாசித்ததை, நிறுவனங்களை நம்பாமல் தாங்களே இசைத்தட்டாக வெளியிட்டார்கள். சில பிரதிகளின் உறைகள் கையால் வண்ணம் தீட்டியவை. 1967 ஜூலையில் கோல்ட்ரேனின் இறுதிச் சடங்கில் சாக்ஸபோன் கலைஞர் ஆல்பர்ட் ஐலரின் குழு வாசித்தபோது டிரம்ஸில் இருந்தவர் கிரேவ்ஸ்.

இதற்கிடையே கால்நடை மருத்துவ ஆய்வகம் ஒன்றிலும் வேலை பார்த்தார். மருத்துவர்களின் பயிற்சிக்காக இதய ஒலிகளைப் பதிவு செய்த இசைத்தட்டு ஒன்று கையில் கிடைத்தது. சீர்கெட்ட துடிப்புகள் என்று அதில் இருந்தவை அவர் காதுக்குக் காங்கா, பாட்டா மேளங்களின் தாளக்கட்டுகளாகவே கேட்டன. ஆரோக்கியமான இதயம்கூடக் கடிகாரம் போலத் துடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தணியும். இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரம் மாறிக்கொண்டே இருக்கும். தாளம் தப்பியதாகப் பிறர் சொன்ன வாசிப்புக்கு அவர் கண்ட ஆதாரம் ஒவ்வொருவர் மார்புக்குள்ளும் இருந்தது. குகன்ஹைம் உதவித்தொகை 2000-ல் கிடைத்ததும் கணினியும் கருவிகளும் வாங்கி, வீட்டின் நிலவறையில் மனிதர்களின் இதயத் துடிப்பைப் பதிந்து, அதன் மின் அலைகளை இசையாக மாற்றிக் கேட்டார். இந்த ஆய்வின் தொடர்ச்சியாக, இத்தாலிய ஆய்வாளர் கார்லோ வென்ச்சுராவுடன் ஸ்டெம் செல் தொடர்பான காப்புரிமை ஒன்றும் 2017-ல் பெற்றார். அந்த ஆய்வின் மருத்துவப் பயன் எவ்வளவு என்பது தனிக் கேள்வி; ஒரு மேளக்காரர் தம் சந்தேகத்தை அவ்வளவு தூரம் கொண்டுபோனது பெரிய காரியம்.

1973 முதல் 2012 வரை வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் கல்லூரியில் கற்பித்தார். தோட்டத்தில் கும்பிடுபூச்சியின் அசைவுகளைக் கூர்ந்து கவனித்து, 'யாரா' என்ற தற்காப்புக் கலையையும் உருவாக்கினார். 2018-ல் வெளியான 'ஃபுல் மான்டிஸ்' ஆவணப்படத்தின் பெயர் அந்தப் பூச்சியிலிருந்து வந்தது.

அதே ஆண்டு அவருக்கு அமிலாய்டு இதயநோய் இருப்பது தெரிந்தது. புரதம் படிந்து இதயத் தசை விறைத்துப்போகும் நோய் இது. ஆறு மாதம்தான் என்றார்கள் மருத்துவர்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். மற்றவர்களின் இதயத்தைக் கேட்ட அதே கருவிகளால் தம் இதயத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். வண்ணம் பூசிய மேளங்களும் இதய ஒலிச் சிற்பங்களும் அடங்கிய அவருடைய கண்காட்சி 2020-ல் ஃபிலடெல்ஃபியாவில் திறந்தது. அது நிறைவடைந்த சில வாரங்களில், 2021 பிப்ரவரி 12-ல் காலமானார்.