பரோக் கொன்செர்ட்டோ: திரும்பி வரும் பல்லவி, இடம் மாறும் சுருதி



‘பரோக் கொன்செர்ட்டோவின் அமைப்பை விளக்குக’ என்று கேட்டால் பலரும் ‘வேகம், மெதுவு, வேகம் என மூன்று பகுதிகள்’ என்று எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுறாங்க. தப்பில்லை. ஆனா மொஸார்ட் எழுதிய கொன்செர்ட்டோக்களும் பெரும்பாலும் மூன்று பகுதிதானே? அப்புறம் எதை வைத்துப் பரோக் என்று சொல்வது? ரிட்டோர்னெல்லோவை வைத்துத்தான்.

‘திரும்பி வருவது’ என்பதே இந்த இத்தாலியச் சொல்லின் பொருள். முழு வாத்தியக் குழுவும் ஒரு மெட்டை வாசிக்கும். பிறகு தனிக்கலைஞர் தன் வித்தையைக் காட்டுவார். மறுபடி குழு அதே மெட்டோடு வரும். கோயில்ல பாட்டுக் கேட்டு வளர்ந்த நமக்குப் பல்லவி உடனே ஞாபகம் வரும். பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுங்க, சீக்கிரம் பிடிச்சுக்குவாங்க.

ஆனால் இரண்டு வித்தியாசம் உண்டு. மதிப்பெண் கிடைப்பதும் இங்கேதான். நம் பல்லவி எத்தனை முறை வந்தாலும் சுருதி மாறாது. ரிட்டோர்னெல்லோ வேறு வேறு சுருதியில் வரும். அதோடு, நடுவில் வரும்போது பெரும்பாலும் முழுசா வராது, ஒரு துண்டுதான் வரும்.

விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ 1725-இல் அச்சானது. அதில் ‘வசந்தம்’ முதல் பகுதியைப் போட்டுக் கேளுங்க, மூன்றரை நிமிடம்தான். தொடக்கத்தில் இரண்டு மெட்டு வரிகள். ஒவ்வொன்றையும் ஒருமுறை உரக்கவும் ஒருமுறை மென்மையாகவும் வாசிப்பார்கள். இப்படிப் படிப்படியாக இல்லாமல் சட்டென்று ஒலி மாறுவதும் பரோக் அடையாளம். அதன்பின் திரும்பி வருவது இரண்டாவது வரி மட்டுமே. பறவைகள் பாடி முடித்ததும் இ மேஜரிலேயே வரும். ஓடை ஓடியபின் பி மேஜரில் வரும், பஞ்சமத்தையே புது சட்ஜமாக எடுத்துக்கொண்ட மாதிரி. இடி மின்னலுக்குப் பிறகு சி ஷார்ப் மைனரில், கொஞ்சம் சோகமாக. கடைசியில் பழையபடி இ மேஜர். காகிதத்தில் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்க.

வகை இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஒரே கலைஞர் குழுவோடு வாசித்தால் தனிக் கொன்செர்ட்டோ. ஒரு சிறு குழு பெருங்குழுவோடு மாறி மாறி வாசித்தால் கொன்செர்ட்டோ குரோஸோ. சிறு குழு கொன்செர்தினோ, பெருங்குழு ரிப்பியேனோ. கொரெல்லியின் 12 கொன்செர்ட்டோ குரோஸோக்கள், அவர் மறைந்த மறு ஆண்டு, 1714-இல் வெளிவந்தன. அவற்றில் மூன்று பகுதிக்கு மேலும் இருக்கும். அதனால ‘எப்போதும் மூன்று’ என்று எழுதிடாதீங்க.

இரண்டு வகையிலும் அடியில் செல்லோவும் ஹார்ப்சிகார்டும் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் பாஸோ கொன்தினுவோ. ஹார்ப்சிகார்டுக்கு வழக்கமாகத் துணை வேலைதான். பாக் 1721-இல் காணிக்கையாக்கிய ஆறு பிராண்டன்பர்க் கொன்செர்ட்டோக்களில் ஐந்தாவதைக் கேளுங்க: புல்லாங்குழலும் வயலினும் ஒதுங்கி நிற்க, அதே ஹார்ப்சிகார்ட் முதல் பகுதியின் முடிவில் 65 தாள அளவுகள் தனியாக வாசித்துத் தள்ளும். அது முடிந்ததும் குழு மொத்தமும் வந்து, இந்த முறை ரிட்டோர்னெல்லோவை முழுசா வாசிக்கும்.