ரெயில் நின்றது, மாத்திரை நிற்கவில்லை!

2020-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி நள்ளிரவோடு மும்பை மின்சார ரெயில்கள் நின்றன. கொரோனா ஊரடங்கு! டிக்கெட் கவுண்ட்டர்கள் மூடப்பட்டன. நானும் வீட்டில் முடங்கினேன்.

சில நாள் கழித்து ஒரு வாலிபர் போன் செய்தார். நெல்லைச் சீமைக்காரர். தாராவியில் தோல் பை தைப்பவர்.

"அண்ணாச்சி, ரெயில் எப்ப விடுவாங்க?"

"ஊருக்கா தம்பி?"

"இல்லை, ஆஸ்பத்திரிக்கு. மாத்திரை நாலு நாளைக்குத்தான் இருக்கு."

தயங்கித் தயங்கி நோயின் பெயரைச் சொன்னார். எச்.ஐ.வி.!

அக்கம்பக்கத்தாருக்குத் தெரியக்கூடாது என்று, தூரத்து ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்திருந்தார். ரெயில் இல்லாமல் அங்கே போக முடியாது. நடந்து போனால், வழியில் போலீசார் மறித்து, "எங்கே போகிறாய்?" என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்வது?

நிறுத்தினால் ஆபத்து

இந்த மாத்திரை கிருமியை அடியோடு அழிப்பதில்லை; பெருகவிடாமல் அடக்கி வைக்கிறது. நிறுத்தினால் சில வாரங்களில் கிருமி மறுபடி பெருகும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால், மருந்துக்கே அடங்காத கிருமியாக மாறிவிடக்கூடும்.

அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கும் திட்டம் 2004-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி தொடங்கியது. அப்போது பல இடங்களில் மாதந்தோறும் நேரில் போய் வாங்கவேண்டியிருந்தது. ஊரடங்கில் அது எப்படி நடக்கும்?

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வழி செய்தது. உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு 3 மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்கச் சொன்னது. பதிந்த இடத்துக்குப் போக முடியாதவர்கள், அருகில் உள்ள சிகிச்சை மையத்திலேயே வாங்கலாம் என்றது. தொண்டர்கள் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்ததும் உண்டு.

நம் வாலிபர் 1097 என்ற இலவச எண்ணுக்குப் பேசினார். பக்கத்து மையத்தில் மாத்திரை கிடைத்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பாதிக் கட்டணம்

சிகிச்சைக்குப் போகும் எய்ட்ஸ் நோயாளிக்கு ரெயிலில் 2-ம் வகுப்பில் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிச் சான்றிதழைக் கவுண்ட்டரில் நீட்டவேண்டும். என் கவுண்ட்டரில் நீட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெட்கம்! பாதிப் பணம் போனாலும் பரவாயில்லை என்று முழு டிக்கெட் எடுக்கிறார்கள்.

சம்மதமின்றி ஒருவருடைய நோயை வெளியே சொல்வதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் வந்துவிட்டது. நம் பார்வைதான் இன்னும் மாறவில்லை.

ஊருக்குப் புறப்படும் தோழர்களே! மாத்திரை சாப்பிடுபவரானால், மையத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். சிகிச்சைப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ரெயில் நின்றால் பிறகு பிடிக்கலாம். மாத்திரை நிற்கக்கூடாது!