இல்லத்து ஒலிப்பதிவுக்கு ஏற்ற கணினி

இசை பயிலும் மாணாக்கர் பலர் இக்காலத்துத் தம் இல்லத்தின் ஓர் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக் கொள்கின்றனர். மைக் ஒன்றும், அதனைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்பேஸ் என்னும் சிறு பெட்டியும், ஹெட்போனும், கணினியும் இருப்பின் இத்தொழிலைத் தொடங்கிவிடலாம். இவற்றுள் விலை மிகுந்தது கணினியே. அதனைத் தேர்வதிலேயே பலரும் வழுக்கி வீழ்கின்றனர். ஆற்றல் மிக்க கணினி எது என்று வினவுவார்க்குக் கடைக்காரர் விலை மிக்கதனைக் காட்டுவர். ஆற்றல் என்பது ஈண்டு யாது என ஆராயாது வாங்குவோர் பொருளை இழப்பர். சிற்சில வேளை பொருளினும் அரியதனையும் இழப்பர்.

யான் அங்ஙனம் இழந்தேன். எம் பாட்டியார் நடவுப் பாட்டுக்கள் பல அறிந்தவர். சென்ற கோடை விடுமுறையில் அவற்றைப் பதிந்து வைக்க விரும்பி, உறவினர் ஒருவர் விளையாட்டுக்கென வாங்கியிருந்த பெருவிலை மடிக்கணினியை இரவல் பெற்றேன். பாட்டியார் ஒரு பிற்பகல் முழுதும் சலியாது பாடினார். அவர் உறங்கச் சென்றபின் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலும் இடையிடையே ‘டிக்’ என்னும் ஓசை. சில இடங்களிற் சொல்லின் ஓரெழுத்தே விழுங்கப்பட்டிருந்தது. பின்னொரு நாள் பார்த்துக்கொள்வோம் என்று வாளா இருந்தேன். ஐப்பசி மழையில் அவருக்குப் பக்கவாதம் கண்டது. இப்பொழுது அவர் எம்மை அடையாளம் அறிவார், பாடமாட்டார்.

நிற்க. அத்துணை விலையுயர்ந்த கணினி ஒரு முதியவரின் குரலைப் பிழையின்றிப் பதிய மாட்டாமை என்னை? இதனை அறிதற்குக் கணினி ஒலியைக் கையாளும் முறையைச் சிறிது காண்போம்.

மைக் வழி வரும் ஒலியை இன்டர்பேஸ் மிக நெருக்கமான கால இடைவெளிகளில் அளந்து எண்களாக்குகின்றது. இசைத் தகடுகளுக்கு வினாடிக்கு 44,100 அளவீடுகள் எனக் கொள்வர். இல்லத்திற் பதிவோர் பெரும்பாலும் 48,000 கொள்வர். இவ்வளவீடுகளைக் கணினி ஒவ்வொன்றாக ஏற்பதில்லை. ஒரு தொகுதியாகத் திரட்டியே ஏற்கின்றது. அத்தொகுதி தங்கும் இடத்துக்குப் பஃபர் என்று பெயர். கிணற்றிலிருந்து நீர் குடங்குடமாக வந்துகொண்டிருக்கின்றது என்று கொள்ளுக. ஒரு குடத்தைக் கவிழ்த்து முடிப்பதற்குள் அடுத்த குடம் வந்து நிற்கும். குடம் பெரிதாயின் கவிழ்ப்போனுக்கு ஓய்வுண்டு. ஆனால் அது நிரம்பி வரக் காலம் பிடிக்கும். குடம் சிறிதாயின் நீர் விரைந்து வரும், ஓய்வு இல்லை.

128 அளவீடுகள் கொண்ட பஃபர் 48,000 என்னும் விகிதத்தில் 2.67 மில்லிவினாடியில் நிரம்பும். எம் போன்ற இலக்கண மாணாக்கர் மாத்திரையைக் கண்ணிமைப் பொழுதால் அளந்து பழகியவர். ஒருமுறை கண்ணிமைத்தற்கு ஒரு வினாடியின் பத்திலொரு பங்கேனும் செல்லும். அதற்குள் கணினி முப்பத்தேழு குடங்களை வாங்கிக் கவிழ்த்தல் வேண்டும். முப்பத்தாறனை விரைவாகக் கவிழ்த்து ஒன்றனைத் தவறவிட்டாலும், அவ்வொன்றே காதுக்கு ‘டிக்’ எனக் கேட்கும். ஆகவே ஒலிப்பதிவுக்கு வேண்டும் ஆற்றல், சராசரியில் மிகுதியாக வேலை செய்யும் ஆற்றல் அன்று. ஒருமுறையேனும் காலம் தவறாமையே ஆற்றல் என்க.

அங்ஙனமாயின் பெரிய குடத்தையே வைத்துக்கொள்ளலாகாதோ எனின், பதிவின்போது ஆகாது. பாடுவோர் தம் குரலைக் கணினி வழியாக ஹெட்போனிற் கேட்டுக்கொண்டே பாடுவர். உட்செல்லும் குடமும் வெளிவரும் குடமுமாகத் தாமதம் கூடிக்கொண்டே போகும். ஒலி காற்றில் ஒரு மில்லிவினாடிக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்லுமாதலின், 10 மில்லிவினாடித் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தொலைவில் நின்று கேட்பதனை ஒக்கும், அதனைப் பொறுக்கலாம். 30 மில்லிவினாடி ஆயின் தாளம் தடுமாறும். ஆனால் பதிந்து முடித்துக் குரலையும் கருவிகளையும் அளவறிந்து கலக்கும் மிக்ஸிங் என்னும் வேளையில் ஒருவரும் பாடுவதில்லை. அப்பொழுது பஃபரை 1024 ஆக்கின் ஒவ்வொரு குடத்துக்கும் 21 மில்லிவினாடி கிடைக்கும். எளிய கணினியும் பெரும் பாரம் சுமக்கும். இவ்விரு தொழிலின் வேறுபாட்டை அறியாமலே பலர் புதுக் கணினி வாங்க ஓடுகின்றனர்.

இன்னுமோர் எளிய வழி உண்டு. இன்டர்பேஸ் பலவற்றில் மைக்கின் ஒலியைக் கணினிக்குட் செலுத்தாமல் நேரே ஹெட்போனுக்கு அனுப்பும் அமைப்பு இருக்கின்றது. அதனைப் பயன்படுத்துவோர்க்குத் தாமதம் என்னும் தொல்லையே இல்லை. குரல் மட்டும் பதிவோர் இதனை முதலில் முயல்க, பணம் மிஞ்சும்.

இனிப் பிராசஸரைக் காண்போம். எட்டுக் கோர், பதினாறு கோர் என்று கடைகளில் முழங்குவர். பத்து ஏர்கள் பத்து வயல்களை ஒரே காலத்தில் உழலாம். ஆனால் ஒரே வயலில் உழுதலும், பரம்படித்தலும், நடுதலும் ஒரே காலத்தில் நிகழமாட்டா. உழுது முடிந்தபின்னரே பரம்பு. அதன் பின்னரே நடவு. இசைப்பதிவில் ஒவ்வொரு தடமும் ஒரு வயல். அத்தடத்தில் முதலில் ஈக்வலைசர், பின்னர்க் கம்ப்ரஸர், அதன்பின் ரிவெர்ப் எனத் தொடராக அமைந்த பிளக்இன்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வேலை செய்யும். ஆதலின் நாற்பது தடங்களைக் கலப்பதற்குக் கோர்கள் பல இருத்தல் நன்று. பாடிக்கொண்டிருப்பவரின் ஒரு தடத்துக்கோ ஒரு கோரின் தனி வேகமே துணை. எல்லாத் தடங்களும் கூடும் இறுதித் தடத்துக்கும் அஃதே. பிராசஸர்களின் வேகத்தை ஒப்பிடும் பட்டியல்களில் ‘சிங்கிள் கோர்’ என்னும் மதிப்பெண்ணை முதலிற் பார்த்து, அதன்பின்னரே கோர்களின் தொகையை எண்ணுக. என் கருத்தில், அத்தனி வேகம் நன்றாயின் ஆறு அல்லது எட்டுக் கோரே இல்லத்துக்குப் போதும்.

பாரம் மிஞ்சினால் ஃப்ரீஸ் என்னும் உபாயம் உண்டு. பிளக்இன்களோடு கூடிய ஒரு தடத்தை அவ்வண்ணமே புதிய ஒலியாக எழுதிவைத்துவிட்டால், பிராசஸர் அவ்வேலையை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டுவதில்லை. இது பழைய தந்திரமே. 1967-இல் வெளிவந்த ‘ஸார்ஜண்ட் பெப்பர்’ இசைத்தட்டைப் பீட்டில்ஸ் குழுவினர் நான்கு தடங்களே உடைய நாடாப் பொறிகளிற் பதிந்தனர். தடங்கள் நிரம்பியபொழுதெல்லாம் அவற்றைக் கலந்து மற்றொரு பொறியில் ஓரிரு தடங்களாகச் சுருக்கி, ஒழிந்த தடங்களில் மேலும் பாடினர். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தம் இல்லத்தில் நான்கு தடக் காஸெட் கருவியிற் பதிந்தவையே 1982-இல் ‘நெப்ராஸ்கா’ என்னும் தொகுதியாக வெளிவந்தன. எத்துணைத் தடங்கள் உள என்பதை எண்ணியே மயங்குவார்க்கு இவற்றைக் கூறினேன்.

ராம் பற்றி: குரலும் சில கருவிகளும் பதிவோர்க்கு 16 கிகாபைட் போதும். வயலின் குழாமும் பியானோவும் கணினிக்குள்ளிருந்தே ஒலிக்க விரும்புவோர், அக்கருவிகளின் ஒலித் தொகுப்புக்கள் ராமில் இடம் பிடிக்குமாதலின், 32 அல்லது 64 நாடுக. பின்னர்ச் சேர்க்க இயலுமா என்று வாங்குமுன்பே கேட்டறிக; இக்காலத்து ஆப்பிள் மடிக்கணினிகளிலும் வேறு சிலவற்றிலும் அஃது இயலாது.

வட்டின் வேகத்தைப் பற்றிப் பலர் வீணே அஞ்சுகின்றனர். 24 பிட் அளவில் ஒரு தடத்துக்கு வினாடிக்கு 1,44,000 பைட். பதினாறு தடத்துக்கும் இரண்டரை மெகாபைட்டுக்குக் குறைவே. சுழலும் பழைய வட்டும் இதனை எளிதில் எழுதும். ஆயினும் எஸ்.எஸ்.டி. ஓசையற்றது, ஒலித் தொகுப்புக்களை விரைந்து எடுத்துத் தருவது, ஆதலின் அதுவே கொள்ளத்தக்கது. பதிந்தவற்றுக்கு வேறொரு வட்டிலும் படி எடுத்து வைத்தல் இன்றியமையாதது.

விளையாட்டுக் கணினியில் விலையின் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டுக்கே செல்கின்றது. ஒலிக்கு அதனால் வரும் பயன் சிறிது. அதன் வெப்பத்தைத் தணிக்கச் சுழலும் விசிறியின் இரைச்சலோ மைக்கினுட் புகும். சித்திரை வைகாசியில் மேல்விசிறியை நிறுத்திவிட்டு வேர்த்து ஒழுகப் பாடுகின்றவர் அருகே, கணினியின் விசிறி மட்டும் சுகமாகச் சுழல்வது எத்துணை அநியாயம்! 2020-இல் எம்1 சில்லுடன் வந்த மாக்புக் ஏர் முதலியவற்றில் விசிறியே இல்லை. பதிவுக்கு அவை பெரிதும் உகந்தவை. ஆனால் நம் நாட்டு வெயிலில் நெடுநேரம் பாரம் சுமப்பின் வெப்பத்தால் வேகம் குறையும். லாஜிக் புரோ என்னும் மென்பொருளை விரும்புவோர் ஆப்பிள் கணினியையே நாட வேண்டும். ரீப்பர், கியூபேஸ் முதலியன விண்டோஸிலும் இயங்கும்.

எஞ்சியது டிரைவர். இன்டர்பேஸுக்கும் கணினிக்கும் இடைநின்று பேசும் தூதன் இவன். விண்டோஸில் ஆசியோ என்னும் முறையை ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தார் 1997-இல் வகுத்தனர். இன்டர்பேஸ் செய்தவரே தரும் ஆசியோ டிரைவரை இட்டுக்கொண்டால் குறைந்த பஃபரிலும் குடம் தவறாது. யான் அதனைச் செய்யவில்லை. அம்மட்டோ? மின்வெட்டுக்கு அஞ்சி மடிக்கணினியைப் பாட்டரியிலேயே ஓட்டினேன். பாட்டரியைச் சேமிக்க அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. வைஃபையை அணைக்கவில்லை, அதன் டிரைவர் அவ்வப்போது இடைபுகுந்து ஒலியின் முறையைப் பறித்தது. பஃபரை 64 என வைத்து, ரிவெர்பையும் உடனோட விட்டேன். நேரே கேட்கும் பொத்தான் இன்டர்பேஸின் முகத்திலேயே இருந்தது. எல்லாவற்றிலும் கொடிது, முதற்பாட்டு முடிந்ததும் அதனைக் கேட்டுப் பாராமை.

மார்கழி விடுமுறையில் பிறர் பயன்படுத்தி விற்ற சிறிய மேசைக் கணினி ஒன்றை வாங்கினேன். ஆறு கோர், 16 கிகாபைட், எஸ்.எஸ்.டி. ஒன்று. இரவல் வாங்கியதன் விலையில் இது நாலிலொரு பங்கும் ஆகாது. பெட்டியை அடுத்த அறையில் வைத்து, நீண்ட கம்பி வழி இன்டர்பேஸை இணைத்தேன். பாட்டியாரோடு வயலில் நின்ற அத்தை ஒருவர் ஏழு பாட்டுக்கள் நினைவில் உள என்று கூறி வந்து பாடினார். ஒரு ‘டிக்’கும் இல்லை. நான்காம் பாட்டில் ஓரடியை அவர் மறந்து நின்றபொழுது, கட்டிலிற் கிடந்த பாட்டியாரின் உதடுகள் அசைந்தன. மைக் அத்தொலைவுக்கு எட்டவில்லை.