கோகோ மரத்தடியில் தங்கம்

கானாவில் கோகோ காயை மரத்திலிருந்து இறக்கியதும் அப்படியே விற்றுவிட முடியாது. காயை உடைத்து, வெள்ளைச் சதை ஒட்டிய விதைகளை வாழை இலை விரித்துக் குவிப்பார்கள். மேலேயும் வாழை இலையைப் போட்டு மூடுவார்கள். ஆறு நாள் அந்தக் குவியல் புளிக்க வேண்டும். நடுவில் கிளறிவிட வேண்டும். பிறகு மூங்கில் தட்டியில் பரப்பி, ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, கையாலேயே துழாவிச் சொத்தையைப் பொறுக்குவார்கள். கானா கோகோவின் தரத்துக்கு உலகச் சந்தையில் இருக்கும் நல்ல பெயர் இந்தப் பக்குவத்தால் வந்தது.

அந்த மரங்கள் நிற்கும் மண்ணுக்கு அடியில் தங்கமும் இருக்கிறது. கானாவின் பொருளாதாரம் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால், அந்த நிலத்தில் கடைசியில் எது மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது என்றே சொல்வேன்.

2022 டிசம்பரில் வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதிக்குத் தவணை கட்டுவதை கானா நிறுத்தியது. அந்த மாதம் பணவீக்கம் 54.1 சதவீதம். 2023 மே மாதம் பன்னாட்டு நிதியம் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. 1957-இல் விடுதலை பெற்ற நாடு, நிதியத்திடம் கையேந்தியது அது 17-ஆவது முறை. இன்று நிலைமை தலைகீழ். 2025 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு, கானாவின் நாணயமான சிடியில் ஏறக்குறைய 15 கொடுக்க வேண்டியிருந்தது. மே மாதக் கடைசியில் 10 சிடியை ஒட்டி வந்துவிட்டது. ஆண்டு முடிவதற்குள் பணவீக்கமும் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. செலவுக் கட்டுப்பாடும் கடன் சீரமைப்பும் இதில் பங்கு வகித்தன. ஆனால் பெரிய கை கொடுத்தது தங்கம். 2025 அக்டோபரில் சென்னையில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டி, கல்யாண வீட்டுக்காரர்களைக் கலங்கடித்த அதே விலையேற்றம்தான் கானாவின் கஜானாவை நிரப்பியது.

ஆப்பிரிக்காவிலேயே அதிகத் தங்கம் எடுக்கும் நாடு கானா. 2024-இல் தங்க ஏற்றுமதியில் மட்டும் சுமார் 1,160 கோடி டாலர் வந்தது. ஒபுவாசி, அஹாஃபோ போன்ற பெருஞ்சுரங்கங்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த ஆண்டு எடுத்த தங்கத்தில் ஐந்தில் இரண்டு பங்கு சிறு சுரங்கக்காரர்களுடையது. அவர்களில் உரிமம் உள்ளவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு. அந்தத் தங்கம் கள்ளத்தனமாக வெளியே போகாமல் தடுக்க, 2025-இல் கோல்ட்பாட் என்ற அரசு வாரியம் வந்தது. மே 1 முதல் உள்நாட்டுத் தங்க வியாபாரத்தில் வெளிநாட்டவருக்கு இடமில்லை. சிறு சுரங்கத் தங்கம் வாரியத்தின் வழியாக ஏற்றுமதியாகி டாலராக நாட்டுக்குள் வருகிறது. சிடியைத் தாங்கிப் பிடிக்கும் தூண்களில் முக்கியமானது இது.

எனக்குக் கவலை தொடங்குவதும் இங்கேதான். உரிமமில்லாச் சுரங்கத்துக்கு அங்கே 'கலம்சே' என்று பெயர். பொக்லைன் வந்து மேல்மண்ணை வாரி ஒதுக்கும். அடியில் உள்ள சரளையை பம்பு வைத்து அடிக்கும் நீரில் அலசி, சரிவில் விரித்த கம்பளத்தில் ஓடவிடுவார்கள். கனமான துகள்கள் கம்பளத்தில் தங்கும். அதில் பாதரசம் கலந்து பிசைந்தால் தங்கம் அதோடு ஒட்டும். அந்த உருண்டையைத் தீயில் காட்டினால் பாதரசம் ஆவியாகி, தங்கம் மிஞ்சும். ஆவி மனிதரின் மூச்சில் போகிறது, கழுவிய சேறு ஆற்றில் போகிறது. 2024 ஆகஸ்டில் ப்ரா ஆற்று நீரின் கலங்கல் சராசரி 14,000 அலகைத் தொட்டதாகக் குடிநீர் நிறுவனம் அறிவித்தது. அங்குள்ள சுத்திகரிப்பு நிலையம் 2,000 அலகுக்காகக் கட்டப்பட்டது. கேப் கோஸ்ட் நகரத்தில் குடிநீர்த் தட்டுப்பாடு ஏற்பட்டது.

இந்தச் சுரங்கக்காரர்களுக்குக் கோகோ விவசாயி ஏன் நிலத்தைக் கொடுக்கிறார்? கோகோ அவரைக் கைவிட்டது என்பதுதான் நேர்மையான பதில். 2020-21 பருவத்தில் 10 லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல், மூன்றே ஆண்டில் ஏறத்தாழ பாதியானது. மாவுப்பூச்சி பரப்பும் 'தண்டு வீக்க' வைரஸ் தொற்றிய மரத்துக்கு மருந்து கிடையாது. வெட்டிப் போடத்தான் வேண்டும். விலையும் கைக்கு எட்டவில்லை. 1947 முதல் இயங்கும் அரசு கோகோ வாரியம், விளையும் முன்பே விலை பேசி விற்றுவிடும். பூ பிடிக்கும்போதே மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுவது போலத்தான். வாங்குபவரின் ஒப்பந்தத்தைக் காட்டி வங்கியில் கடன் எடுத்து, அந்தப் பணத்தில் அறுவடையைக் கொள்முதல் செய்துவந்தது. 2024 டிசம்பரில் உலக விலை டன்னுக்கு 12,000 டாலரைக் கடந்தபோது, பழைய விலைக்கு விற்ற கோகோவையே வாரியத்தால் முழுதாகக் கொடுக்க முடியவில்லை. உச்ச விலையின் சிறு பகுதிதான் விவசாயிக்கு வந்தது. மூட்டைகள் இரவோடிரவாக டோகோவுக்கும் ஐவரி கோஸ்டுக்கும் கடந்தன. 2025 முடிவதற்குள் உலக விலை பாதியளவுக்கு இறங்கிவிட்டது. ஏறும்போது பலன் கிடைக்காத விவசாயியை இறங்கும்போது காப்பாற்ற, கடனில் மூழ்கிய வாரியத்திடம் வலுவில்லை. அந்த நேரத்தில் ஒருவர் ரொக்கத்தோடு வந்து நிலத்தைக் கேட்டால் என்ன செய்வார்?

மற்ற துறைகளுக்கு வருவோம். எண்ணெய், அதிகம் எதிர்பார்த்து ஏமாந்த கதை. 2007-இல் கண்டறியப்பட்ட ஜூபிலி வயல் 2010 டிசம்பரில் உற்பத்தியைத் தொடங்கியது. 2019-இன் உச்சத்துக்குப் பிறகு உற்பத்தி சரிந்துவந்தது. கைபேசிப் பணம்தான் தெளிவாக வளர்கிறது. அதன்மீது 2022-இல் போட்ட வரி மக்களின் எதிர்ப்பால் 2025-இல் நீங்கியது, நல்ல முடிவு. முந்திரியும் வளர்கிறது. ஆனால் பெரும்பாலும் உடைக்காத கொட்டையாகவே இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் கப்பல் ஏறுகிறது. உடைத்துப் பருப்பாக்கும் கூலி கானாவில் தங்குவதில்லை.

மின்சாரம்தான் சிக்கலானது. அடிக்கடி போய்வரும் கரண்டை அங்கே 'டும்சோர்' என்பார்கள். அணைப்பது, ஏற்றுவது என்று பொருள். 1965-இல் கட்டி முடித்த அகோசொம்போ அணை ஒருகாலத்தில் நாட்டுக்கே போதுமானதாக இருந்தது. பத்தாண்டுக்கு முன் வந்த கடும் தட்டுப்பாட்டில் பயந்து, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் காசு தருவதாகத் தனியார் மின்நிலையங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். எரிபொருளுக்கு டாலர், வசூல் சிடியில், அதிலும் ஏராளமான கசிவு. அந்த ஓட்டையை அடைக்க 2025 ஜூலை முதல் பெட்ரோல், டீசல் லிட்டருக்கு ஒரு சிடி கூடுதல் வரி. இது சரியாகாமல் கோகோவை அங்கேயே அரைத்துச் சாக்லேட்டாக்கும் பேச்சுக்குப் பலமில்லை.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. 2025 ஆகஸ்ட் 6 அன்று, கலம்சே தொடர்பான நிகழ்ச்சிக்காக ஒபுவாசிக்குப் போன ராணுவ ஹெலிகாப்டர் விழுந்து, பாதுகாப்பு அமைச்சரும் சுற்றுச்சூழல் அமைச்சரும் உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள். ஆனாலும் ஒரு கை விரட்டும் தங்கத்தை இன்னொரு கை வாங்குகிறது. எந்தக் குழியிலிருந்து வந்தது என்று ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குக் காட்டும் ஏற்பாடு வரும்வரை இந்த முரண் தீராது. அதற்குமுன் தங்கத்தின் விலை இறங்கினால், சிடிக்கு முட்டுக்கொடுக்க கோகோவும் இல்லாமல் போயிருக்கும்.

நோயுற்ற மரத்தை வெட்டிய இடத்தில் மறுநடவு செய்வோர் முதலில் வாழை வைப்பார்கள், அதன் நிழலில் கோகோ கன்று. வாழை குலை தள்ளி வீட்டுக்கு உதவும். கோகோ காய்க்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும். தோண்டிப் போட்ட நிலத்திலோ முதலில் குழியை மூட வேண்டும், பிறகு மேல்மண் கொண்டுவர வேண்டும், அதற்குப் பிறகுதான் வாழை.