நைட் ஷிப்டுக்குக் கூலி என்ன? ‘டபுள்’ பார்த்தும் ‘சிங்கிள்’ சம்பளமா!

கொரட்டூர்,

ஊர் படுக்கப் போகும் நேரத்தில் இங்கே பலருக்குப் பொழுது விடிகிறது! பாடி தொழிற்சாலைகளுக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ராத்திரி 10 மணி ஷிப்டுக்கு டிபன் பாக்சும் கையுமாகப் போகிறவர்கள் இவர்கள்.

கண் விழிப்பதற்கென்று தனிக் கூலி உண்டா? சட்டத்தில் இல்லை! ‘நைட் அலவன்ஸ்’ என்று சம்பளச் சீட்டில் வருவது நிர்வாகத்திடம் யூனியன் பேசி வாங்கிய ஒப்பந்தக் காசு. யூனியன் இல்லாத சின்னப் பட்டறையில் ஒரு டீ, ஒரு பன்னோடு சரி.

சட்டம் காசு தருவது ஓவர்டைமுக்கு. அதுவும் இரட்டிப்பாக! 1948ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 59வது பிரிவு அப்படித்தான் சொன்னது. 2025 நவம்பர் 21ந் தேதி அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. தொழிலாளி சம்மதித்தால்தான் ஓ.டி. என்றும் அதில் இருக்கிறது.

நடப்பது என்ன? அடுத்த ஷிப்டு ஆள் வரவில்லை என்றால், இருக்கிறவன் தலையில் விழும். நாள் சம்பளம் 600 ரூபாய் என்று வையுங்கள். மணிக்கு 75. ஓ.டி.க்கு 150. கூடுதல் 8 மணி நேரத்துக்கு 1,200 ரூபாய் வர வேண்டும். ‘இன்னொரு நாள் சம்பளம்’ என்று 600ஐ நீட்டினால்? ஒரே ராத்திரியில் 600 ரூபாய் போச்சு!

லீவு சமாசாரமும் உண்டு. நைட் முடிந்து ஞாயிறு காலை 6 மணிக்கு வெளியே வந்தவருக்கு வார லீவு திங்கள் காலை 6 மணி வரை. ஷிப்டு முடிந்ததிலிருந்து 24 மணி நேரம் என்பது சட்டம். ஞாயிறு ராத்திரி 10க்கே கூப்பிட்டால் அது லீவே இல்லை!

2023 ஏப்ரல் 21ந் தேதி சட்டசபையில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா ஞாபகம் இருக்கிறதா? அந்த 59வது பிரிவிலிருந்தே விலக்குத் தர அதில் வழி இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது. மே தினத்தன்று, மசோதா வாபஸ் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்.

இரட்டிப்பு தப்பியது. ஆனால் கணக்கில் ஏறினால்தானே கேட்க முடியும்? ஓ.டி.யை ரிஜிஸ்தரில் எழுதாமல் கவரில் போட்டுக் கொடுக்கும் இடங்களும் உண்டு. உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரத்தை நீங்களே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு எழுதும்போது அந்த நோட்டு கைகொடுக்கும்.